அவளுக்குத் தெரியாமல் சொன்னேன்

ஒரு பெண்பிள்ளைக்குக் கையடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். அவள் ஏறிய பஸ் கண்ணை விட்டு மறைவதற்குள் அதை மீறுவதென்று முடிவு செய்துவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்கு முதலில் தெரிய வேண்டும் என்று அவள் நினைத்தாளோ அவருக்குக் கடைசியில் தெரியும்படி செய்தேன். சட்டம் என்னை அப்படிச் செய்யவைத்தது என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டம் புகார் கொடுக்கச் சொன்னது. அவளுக்குத் தெரியாமல் கொடுக்கச் சொல்லவில்லை. அந்தப் பகுதி முழுக்க என்னுடையது.

கொல்லிமலைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இதை எழுதுகிறேன். ஊசி போடுவதும் பிரசவம் பார்ப்பதும் உங்களுக்குத் தெரியும். நான் எழுதப்போவது, பதினெட்டு நிறையாத ஒரு பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளைப் பற்றி. என் உத்தியோகத்தில் நான் செய்த பெரிய தவறு அங்கேதான் நடந்தது. நான் கண்ட பெரிய அதிசயமும் அங்கேதான்.

நான் மலையேறி வந்த முதல் வருஷம், தடுப்பூசி முகாமுக்கு ஒரு ஆள் வரவில்லை. பள்ளிக்கூடத்து மரத்தடியில் மேசை போட்டு, நர்சம்மாவும் நானும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல் ஊர்க்கவுண்டர் வந்தார். மலையில் ஒவ்வொரு ஊருக்கும் அப்படி ஒரு பெரியவர் உண்டு. கல்யாணமோ வழக்கோ கோயில் காரியமோ, அவர் காதில் போடாமல் எதுவும் நகராது.

"ஏனுங்க டாக்டரு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருந்தா இப்படி ஒக்காந்திருப்பீங்களா?" என்றார். பிறகு சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினார். "மொதல்ல எனக்குப் போடுங்க. நான் செத்துப்போனா மத்தவங்க போட்டுக்க வேண்டாம்."

அது குழந்தைகளுக்கான ஊசி என்று சொல்லி அவரை நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் அந்திசாய்வதற்குள் ஊரே வரிசையில் நின்றது. அன்று நான் கற்றுக்கொண்ட பாடம், எதுவானாலும் முதலில் ஊர்க்கவுண்டர். மலேரியா மருந்து, குடும்பநலம், கிணற்றுக்குக் குளோரின், எல்லாவற்றுக்கும் அவர் வாசலில் போய் நின்றேன். எல்லாம் நடந்தது. மலையில் ஊர்த்தொகுதிகளை நாடு என்பார்கள்; பக்கத்து நாடுகளில் வேலை பார்த்த டாக்டர்கள் என்னிடம் யோசனை கேட்டார்கள். எனக்கு அதில் பெருமை. ஒரு வழி நூறு தடவை பலித்துவிட்டால், நூற்றியோராவது தடவை அதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று யோசிக்கத் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இங்கே வள்ளி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். ஊரும் பள்ளியும் வேண்டாம். அவளுடைய அப்பா அம்மாவின் ஊர் பஸ் போகாத இடம். அதனால் வாரநாட்களில் பள்ளி விடுதியிலும், விடுமுறைக்குக் கட்டிக்கொடுத்த அக்காவின் வீட்டிலும் இருந்தாள். அந்த மதியம் பள்ளிச் சீருடையோடு தனியாக வந்தாள். வெளியே மேகம் இறங்கி, வாசலில் நின்ற வேப்பமரம் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருந்தது. "வயித்து வலிங்க" என்றாள். எங்கே வலி என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தைக் காட்டினாள்.

நர்சம்மா தடுப்புத்துணிக்குப் பக்கத்தில் நின்றார். பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போது அவர் உடன் இருப்பது எங்கள் வழக்கம். வள்ளி அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "அவீங்க இருக்கட்டுங்க. ஆனா நீங்க சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

"எதுக்கு கண்ணு?"

"நான் சொல்றத யாருகிட்டயும் சொல்லப்படாது."

உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டினாள். கையில் பேனா மை இருந்தது. நான் சிரித்தேன். வீட்டில் தெரியாமல் எதையோ தின்றிருப்பாள், பரீட்சைக்குப் பயந்திருப்பாள் என்று நினைத்தேன். "சத்தியம்" என்று அந்தக் கையில் அடித்தேன். நர்சம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

வள்ளி சொன்னாள். அக்காவின் கணவனைப் பற்றிச் சொன்னாள். தலையைக் குனியாமல், என் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தீட்டு தள்ளிப்போயிருக்கிறது, அதுதான் பயம் என்றாள். சோதித்துப் பார்த்தோம். கர்ப்பம் இல்லை. அதைச் சொன்னதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. பிள்ளை அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்காவுக்குத் தெரியுமா சாமி?"

"இல்லீங்க. அக்கா கொழந்தைக்குக் காதுகுத்து வருதுங்க. அது நல்லபடியா முடியட்டும். அப்புறம் அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன். வேற யாரு சொன்னாலும் அக்கா தாங்காதுங்க. நாஞ்சொன்னாத் தாங்கும்."

பஸ்ஸின் ஹாரன் கேட்டது. "வாரேனுங்க" என்று ஓடினாள்.

போக்சோ சட்டம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழான ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்தால் உடனே புகார் சொல்ல வேண்டும், சொல்லாமல் மறைத்தால் தெரிந்தவருக்கும் தண்டனை உண்டு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். சத்தியத்துக்குக் கையை ஓங்கியபோது நினைவில்லை. கை இறங்கிய பிறகு நினைவு வந்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. யாரோ மரவள்ளிக்கிழங்கு மூட்டையைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலுக்குப் போய் அவளைக் கூப்பிட்டிருக்கலாம். "கண்ணு, நான் கொடுக்கக் கூடாத சத்தியத்தைக் கொடுத்துவிட்டேன், வா, உட்கார், பேசுவோம்" என்று சொல்லியிருக்கலாம். அழுதிருப்பாள், திட்டியிருப்பாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மூட்டை ஏறியது, பஸ் போயிற்று. காரணம் அவ்வளவுதான். இதைவிட மரியாதையான காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பிறகு என் பழக்கம் என்னை எங்கே கூட்டிப்போகுமோ அங்கே போனேன். புகார் கொடுப்பதற்கு முன்னால் ஊர்க்கவுண்டர் காதில் ஒரு வார்த்தை. போலீஸ் ஊருக்குள் வந்தால் கலவரம் ஆகக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் வாசலில் சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நாலைந்து பேர் முறத்தோடு இருந்தார்கள். நான் அவரை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினேன். டாக்டர் குரலைத் தாழ்த்தினால் முறத்துச் சத்தம் நின்றுபோகும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அவர் நல்ல மனிதர். நான் பயந்தது மாதிரி எதையும் அமுக்கப் பார்க்கவில்லை. "சட்டப்படி செய்யுங்க டாக்டரு. அவன் எனக்குப் பங்காளிதான். இருந்தாலும் செய்யுங்க. நான் குறுக்க வரமாட்டேன்" என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார். தவறு அவருடையது அல்ல.

நான் அங்கிருந்து காவல் நிலையத்துக்குப் போனேன். அவர்கள் முறையாகவே நடந்தார்கள். சாதாரண உடையில் ஒரு பெண் காவலர் விடுதிக்குப் போய் வள்ளியிடம் பேசினார். அந்த விடுமுறைக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், புகார் கொடுத்தது சரி. அவள் மறுபடி அந்த வீட்டுக்குள் போகாமல் தடுத்தது அந்தப் புகார்தான். நான் சொல்லவருவதை யாரும் புகாரே கொடுக்காமல் இருப்பதற்குச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் பெண் காவலர் விடுதிக்குப் போவதற்குள் முறத்துப் பேச்சு செம்மேட்டுச் சந்தைக்குப் போய்விட்டது. அன்று சந்தை நாள். வள்ளியின் அக்கா காதுகுத்துக்கு வெல்லமும் வாழைப்பழமும் வாங்கப் போயிருந்தாள். பழம் விற்றவள் நிறுத்துக்கொண்டே கேட்டாளாம், "ஏம்புள்ள, உம்புருசனப் பத்தி உந்தங்கச்சி டாக்டர்கிட்டச் சொன்னாளாமே, நெசமா?"

அக்காவின் கணவன் மலையிறங்கிக் கீழ்நாட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் வீட்டில் சொன்னது ஒன்றுதான். "உந்தங்கச்சி அவ வாயால உங்கிட்டச் சொன்னாளா? ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சவளுக்கு உங்கிட்டச் சொல்லத் தெரியலியா?" அந்தக் கேள்வி அக்காவின் நெஞ்சில் போய்க் குத்தி நின்றுவிட்டது. அவன் மேல் கொஞ்சநாளில் நம்பிக்கை போயிற்று. போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு வந்தது, வழக்கு நடந்தது. ஆனால் தங்கை ஊருக்கே சொல்லிவிட்டுத் தன்னிடம் மட்டும் மறைத்தாள் என்ற எண்ணம் போகவில்லை. டாக்டர் வாயைத் திறந்ததே தங்கை சொல்லச் சொல்லித்தான் என்று, நான் செய்ததை அவள் தங்கை கணக்கில் எழுதிக்கொண்டாள்.

வழக்கு நாமக்கல்லில் நடந்தது. நானும் சாட்சி. நடைகூடத்தில் வள்ளியைப் பார்த்தேன். கீழே சமவெளியில் ஒரு பாதுகாப்பு இல்லத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று கிட்டே போனேன். உள்ளங்கையை நீட்டினாள். அன்று நீட்டியது போலவே, மேலே பார்க்க. நானும் அதைப் பார்த்தேன். அவளும் அதையே பார்த்தாள். பிறகு கையை மடக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே திரை போட்டு, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரித்தார்கள். முடிந்ததும் அரசு வக்கீல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "என்ன பிள்ளைங்க அது! ஒரு இடத்தில் தண்ணி கேட்டுச்சு, அவ்வளவுதான்" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல், "சொந்த அக்காவிடம் ஏன் சொல்லவில்லை?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாராம். அவள், "சொல்லத்தானுங்க இருந்தேன். எனக்கு முன்னாடி ஊரு சொல்லீருச்சு" என்றாளாம்.

ஊரு என்றாள். டாக்டர் என்று சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, எனக்குத்தான் தலைகுனிவு. அந்த வயதில், அந்த அறையில், அத்தனை கேள்விக்கு நடுவில், தன்னைக் காட்டிக்கொடுத்தவனை அவள் காட்டிக்கொடுக்காமல் விட்டாள். மலை ஏறி இறங்கிய இத்தனை வருஷத்தில் அருவியைப் பார்த்து வாய்பிளந்திருக்கிறேன், கீழே மேகம் கடல்போல் கிடக்க மேலே வெயில் அடிப்பதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அன்று நடைகூடத்தில் நின்றதுபோல் எங்கும் நின்றதில்லை.

அவனுக்குத் தண்டனை ஆயிற்று. சட்டம் தன் வேலையை முடித்தது. என் வேலைதான் கெட்டுப்போயிற்று.

மலையில் ஒரு கேலிப்பேச்சு கிளம்பியது. "டாக்டரு கையடிச்சா ஊருக்கே கேக்கும்." சந்தையில் என்னைப் பார்த்து விடலைப் பையன்கள் உள்ளங்கையில் தட்டிக் காட்டுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். பெண்பிள்ளைகள் வருவது நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. இரத்தசோகை மாத்திரைக்குக்கூட வரவில்லை. சின்ன வயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண், பெயரைப் பதிந்தால் புருசனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கடைசிவரை எங்களிடம் காட்டாமல் வீட்டிலேயே பிரசவித்தாள். இரத்தப்போக்கு நிற்காமல், கட்டிலோடு பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "யாருகிட்டச் சொல்லுவீங்க?"

அன்று நர்சம்மா கை கழுவிக்கொண்டே சொன்னார். "அந்தப் புள்ள கையில நீங்க அடிச்சப்பவே எனக்குத் திக்குன்னுச்சு சார்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா? எனக்குத் தெரியாதான்னு ஒரு பார்வை பாப்பீங்க."

உண்மைதான். அப்படித்தான் பார்த்திருப்பேன்.

அப்புறம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து, மலைப் பிள்ளைகளுக்குப் புரிகிற பேச்சில் சில வரிகள் கட்டினோம். எந்த இளம்பிள்ளை வந்தாலும், தலைவலி என்று வந்தாலும், நோயைக் கேட்பதற்கு முன்னால் அதைச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். "கண்ணு, நீ இங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் தாண்டும். உனக்குப் பதினெட்டு ஆகாம இருந்து, உன்னை ஒருத்தர் தொட்டுத் தொந்தரவு பண்ணீருந்தா, கட்டிக்கிட்டவரா இருந்தாலும் புடிச்சவரா இருந்தாலும், நான் சொல்லியே ஆகோணும், அது சட்டம். ஆனா உங்கிட்டச் சொல்லாம ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் ஊட்டுல யாருக்கு மொதல்ல தெரியோணும், அத ஆரு சொல்லோணும்னு நீ சொல்லு. வைத்தியம் எப்படியிருந்தாலும் பண்ணுவோம்."

சொல்வதற்கு எளிது. கேட்டுவிட்டு ஒரு பிள்ளை எழுந்து போகும்போது உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

அப்படி ஒருத்தி போனாள். பள்ளிக்கூடத்துப் பெண். உள்ளே வந்தபோதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. நான் அந்த வரிகளைச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். "தலைவலி மாத்திரை மட்டும் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். என் நாக்கு நுனியில் பழைய சத்தியம் வந்து நின்றது. 'யாருக்கும் சொல்லமாட்டேன், வா சாமி' என்று ஒரு வார்த்தை சொன்னால் உட்கார்ந்துவிடுவாள். சொல்லவில்லை. "நான் இங்கதான் இருப்பேன் கண்ணு. எப்ப வேணா வா" என்றேன். போய்விட்டாள்.

நர்சம்மாவுக்குக் கோபம். "சட்டம் பேசிப் புள்ளைய விரட்டிட்டீங்களே சார்! அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" அந்த வாரம் முழுக்க, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போனேன். அவள் எதையும் சொல்லவில்லை, ஆகவே சட்டப்படி எனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அந்த நினைப்பு ஒருவாய்ச் சோற்றைக்கூட உள்ளே இறக்கவில்லை.

அடுத்த சந்தை நாளில் அவள் வந்தாள். தனியாக வரவில்லை. வெளியே பெஞ்சில் ஒரு பெண் மிளகு மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வள்ளி. படிப்பை முடித்துக்கொண்டு மலைக்குத் திரும்பி, அப்பாவின் காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் வாசல் பக்கம் அவள் வந்தது அந்தப் பழைய நாளுக்குப் பிறகு அதுதான் முதல்முறை.

பள்ளிக்கூடத்துப் பெண் உள்ளே வந்து உட்கார்ந்தாள். "சந்தையில அந்த அக்காகிட்டக் கேட்டேனுங்க, இந்த டாக்டர நம்பலாமான்னு" என்றாள்.

"என்ன சொன்னா?"

"முன்னாடி நம்பப்படாதுன்னு சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினாள். "இப்ப நாம சொல்றதுக்கு முன்னாடியே, எத வெளிய சொல்லுவேன்னு சொல்லீர்றாருன்னா, போலாம்னாங்க."

அவள் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். யாருக்கு முதலில் தெரியவேண்டும் என்று கேட்டேன். அம்மாவுக்கு என்றாள். அவளே சொன்னாள், எங்கள் அறையிலேயே, நர்சம்மா கையைப் பிடித்துக்கொண்டு. அதன் பிறகு அம்மாவும் மகளும் பக்கத்தில் இருக்க, நான் புகாரைச் சொன்னேன். எல்லாம் அன்று மதியமே. ஊர்க்கவுண்டர் வாசலுக்கு நான் போகவில்லை. என்ன நடக்கும் என்று முழுக்கத் தெரிந்துகொண்டு, ஒரு வாரம் அதைத் தலையில் சுமந்து திரிந்து, தானாகவே திரும்பிவந்து உட்கார்ந்தாள் அந்தப் பிள்ளை. நாம் டாக்டர்கள் தைரியம் என்று எதையெதையோ சொல்லிக்கொள்கிறோம்.

அவர்கள் போனபின் வள்ளியிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். சட்டத்தை இழுக்காமல் கேட்டேன். பஸ் நின்றது, கூப்பிடவில்லை, பயந்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா பேசுதா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

"நான் போய்ச் சொல்லட்டுமா? நீ ஊருக்குச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், அக்காகிட்ட நீயே சொல்றதாத்தான் இருந்துச்சுன்னு..."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "வேண்டாங்க டாக்டரு. மறுபடியும் எனக்கு முன்னாடி போயறாதீங்க."

"நீ எப்பம்மா சொல்லுவே?"

"அது எஞ்சோலிங்க. கேக்கறதுக்கு அதுக்கு மனசு வரட்டும்."

சரி என்றேன். அது நான் கொடுத்த இரண்டாவது வாக்கு. கையடிக்கவில்லை. அவள் கேட்கவுமில்லை.

அந்த வாக்கைச் சுமப்பது எவ்வளவு பாரம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சந்தையில் அக்கா ஒரு மூலையில் அன்னாசி விற்பாள், தங்கை எதிர் மூலையில் மிளகு விற்பாள். வாங்க வருகிறவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே போவார்கள். என் வாயில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் இரண்டு மூலையும் ஒன்றாகிவிடும் என்று எனக்குத் தோன்றும். அது என் வாக்கியம் இல்லை. பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். நர்சம்மா ஒருதரம் கேட்டார், "நல்லதைச் சொல்றதுக்குக்கூடவா சார் அனுமதி வேணும்?" நல்லது என்று நினைத்துத்தானே முதல் தடவையும் ஊர்க்கவுண்டர் வாசலுக்குப் போனேன்?

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதம் முன்பு, அக்கா தன் குழந்தையைக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு வந்தாள். காதுகுத்து நின்றுபோன அதே குழந்தை, இப்போது பள்ளிக்குப் போகிறது. மருந்தைக் கொடுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. குழந்தையை நர்சம்மாவோடு வெளியே அனுப்பினாள்.

"டாக்டரு, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அவ உங்ககிட்ட என்ன சொன்னா?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அவன் செஞ்சது எனக்குத் தெரியுங்க. அதக் கேக்கல. எங்கிட்டச் சொல்லாம உங்ககிட்ட ஏஞ்சொன்னா? நாந்தானுங்க அவளுக்குத் தலை சீவி வுட்டது. நாந்தான் எடுத்து வளத்தது. பழம் விக்கிறவளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. எம்மேல அவளுக்கு நம்பிக்கை அவ்வளவுதானா?"

அதற்கான பதில் என் வாய்வரை வந்துவிட்டது. 'வேற யாரு சொன்னாலும் அக்கா தாங்காது, நாஞ்சொன்னாத் தாங்கும்.' அந்த மேசைக்கு முன்னால், இப்போது அக்கா உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இருந்துகொண்டு தங்கை சொன்ன வார்த்தை. இத்தனை வருஷமாக இந்தப் பெண் எதற்காக ஏங்குகிறாளோ அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

"அதை நீங்க அவகிட்டத்தான் அம்மிணி கேக்கோணும்" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. "ஊருக்கே சொன்னீங்க. எனக்கு மட்டும் சொல்லமாட்டீங்களா?"

"ஊருக்குச் சொன்னது என் தப்பு. அவளைக் கேக்காம, நானாத்தான் சொன்னேன். அந்தத் தப்பைப் பத்தி எவ்வளவு வேணா கேளுங்க, சொல்றேன். அவ என்ன சொன்னாங்கறது அவளோடது."

நான் செய்ததை நான் சொல்லலாம். அவள் சொன்னதை நான் சொல்லக்கூடாது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று அந்த ஒரு நொடியில்தான் எனக்கே தெளிவாயிற்று. உங்களுக்கும் அப்படி ஒரு நொடி வரும். யோசிக்க நேரம் இருக்காது. அதனால்தான் இதை இப்போதே எழுதிவைக்கிறேன்.

அக்கா கையில் எடுத்த மருந்தை மேசைமேல் திரும்ப வைத்தாள். "நீங்களாச் சொன்னதா?" என்றாள். "அவ சொல்லச் சொல்லலியா?" "நானாத்தான்" என்று மறுபடி சொன்னேன். அவள் வெளியே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மருந்தை மேசையிலேயே மறந்துவிட்டு, மேகத்துக்குள் இறங்கிப் போனாள். வீட்டுப் பக்கம் போகவில்லை. வள்ளியின் காடு இருக்கும் பக்கம் போனாள்.

அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சில சந்தைகளுக்கு அன்னாசி மூலை காலியாக இருந்தது. ஒருநாள் பார்த்தேன், அன்னாசியும் மிளகும் ஒரே சாக்கின்மேல் இருந்தன. இரண்டு பேரும் தோள் இடிக்க உட்கார்ந்து, ஒரு பொட்டலத்திலிருந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். சந்தைக் கூட்டம் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போயிற்று. நான் நகரவில்லை.

இதை எழுதலாமா என்று கேட்பதற்காகப் போன வாரம் மலையேறினேன். முழங்கால் ஒத்துழைக்காமல், பஸ்ஸிலிருந்து இறங்கிச் சந்தைக்குப் போவதற்கே மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். புதிதாக வருகிற டாக்டர்களுக்காக எழுதப்போகிறேன், உனக்குச் சம்மதமா என்று வள்ளியிடம் கேட்டேன். எதையெல்லாம் எழுதுவேன், எதை விடுவேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு இடத்தில் "அது வேண்டாங்க" என்றாள். விட்டுவிட்டேன். அக்காவையும் கேட்டேன். "எழுதுங்க, எழுதுங்க. எம்பட கோவத்தையும் போடுங்க" என்றாள்.

"பேரு வராதில்லீங்க?" என்று வள்ளி கேட்டாள்.

"வராது."

மிளகுத் தூசி படிந்த உள்ளங்கையை நீட்டினாள். மேலே பார்க்க. இந்தத் தடவை கொடுக்க முடிந்த வாக்கைத்தான் கொடுக்கிறேனா என்று ஒருமுறை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டேன். பிறகு அடித்தேன்.

பக்கத்தில் அன்னாசிக்குத் தோல் சீவிக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"பாத்துங்க டாக்டரு. ஊருக்கே கேட்டுறப் போவுது."

வள்ளி சிரித்த சிரிப்புக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.